குகைப் படத்தில் பதினோரு விநாடி

படம் வெளிவருவதற்கு ஒரு வருடம் முன்பே மோட்டார்காரருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அந்த நடிகர் தங்கை வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கிய நாளில்.

மோட்டார்காரர் என்பது வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பம்பு மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஓடுகிற மோட்டாரின் மேல் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், உள்ளே எந்தப் பேரிங் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் தீயணைப்புத் துறையில், தண்ணீருக்குள் மூழ்கித் தேடும் பிரிவில் இருந்தார். பெண் கேட்டு வந்தவர்கள் "மாப்பிள்ளை டைவர்" என்று சொன்னதை இவர்கள் டிரைவர் என்று எடுத்துக்கொண்டு, பஸ்ஸா லாரியா என்று விசாரித்ததை வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல ஒட்டுதல். விடுமுறை நாட்களில் இருவரும் பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது அந்தக் குகை விவகாரம். ஒரு தபால் ஆபீஸைச் சேர்ந்த ஏழு பேர் விடுமுறைக்கு மலைப்பக்கம் சுற்றப் போனவர்கள், குகைக்குள் நுழைந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓடைத் தண்ணீர் குகைக்குள் புகுந்தது. ஏழு பேரும் முந்நூறு மீட்டர் உள்ளே ஒரு மேடான பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வரும் வழியில் ஓரிடத்தில் கூரை தாழ்ந்து, குனிந்துதான் போக முடியும். அதைக் கழுத்து என்று சொன்னார்கள். அந்தக் கழுத்து முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டது.

அந்த இடுக்கில் நுழைகிற உடம்புவாகு டைவர்களில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருவருக்கு முதல் நாளே காதில் அடி. மிச்சம் மாப்பிள்ளை. அவர் முகமூடியும் காற்று சிலிண்டரும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொருவராகத் தண்ணீருக்கு அடியில் இழுத்து வந்தார். அதே சமயம் குகை வாயிலில் மோட்டார்காரர் மூன்று டீசல் பம்புகளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடையை மணல்மூட்டை அடுக்கி வேறு பக்கம் திருப்பியதும் அவருடைய யோசனைதான். மூன்றாம் நாள் பிற்பகல், தண்ணீர் ஒன்றரை அடி இறங்கி, கழுத்தின் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் காற்றுக்கு இடம் விட்டது. முதல் மூன்று பேர் முகமூடியில் வந்தார்கள். பின்னால் வந்த நாலு பேரும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நடந்தே வந்துவிட்டார்கள். ஏழு உயிரும் பிழைத்தன.

அதில் தன் பங்கு என்ன என்று மோட்டார்காரர் யாரிடமும் அளந்து பேசியதில்லை. பேச அவசியம் வரவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

மாப்பிள்ளையாக நடிக்கப்போகிற நடிகர் ஒரு மாதம் பக்கத்திலேயே தங்கினார். தினமும் தங்கை வீட்டில்தான் காலைச் சாப்பாடு. மாப்பிள்ளை நடக்கும்போது வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பார். நடிகர் அதைக்கூடப் பழகிக்கொண்டார். மோட்டார்காரரின் மகள், மாமாவைப் பார்க்க வருகிற சாக்கில் அத்தை வீட்டிலேயே குடியிருந்தாள். நடிகரோடு எடுத்த படம் அவள் போனைத் திறந்தாலே வந்து நின்றது. "மாமா மாதிரியே இருக்கார் இல்லப்பா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அவ்வளவு சிவப்பு இல்லை என்று மட்டும் சொன்னார் மோட்டார்காரர்.

தன்னைப் பார்த்துப் பழக ஒரு நடிகர் வருவார் என்று அவரும் காத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சம்பவத்தன்று போட்டிருந்த காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து, கிழிசலைத் தைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அவள், இதை எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

நடிகர் வரவில்லை. உதவி இயக்குநர் என்று ஒரு பெண் நோட்டுப்புத்தகத்தோடு வந்தாள். பம்பு ஹவுஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். அவர் பைப் இணைப்பைப் படம் போட்டுக் காட்டினார். டீசலில் தண்ணீர் கலந்து ஒரு பம்பு நின்றுபோனதையும், வாயால் உறிஞ்சி லைனைச் சுத்தம் செய்ததையும் சொன்னார். ஓடுகிற மோட்டாரில் கம்பியை வைத்து அவளையே காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, பிரமாதம் சார், இது கட்டாயம் ஒரு சீன் என்று சொன்னாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் எட்டு மாதம் ஓட்டினார்.

சிறப்புக் காட்சிக்குக் குடும்பத்தோடு அழைப்பு. தைத்த காக்கிச் சட்டையைக் கடைசி நேரத்தில் வேண்டாமென்று வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் போனார். பிழைத்த ஏழு பேரும் மாப்பிள்ளையோடு மேடையில் நின்றார்கள். மைக் மாப்பிள்ளையிடம் வந்தபோது, "என் மச்சானும் அங்க..." என்று ஆரம்பித்தார். தொகுப்பாளர் அதற்குள் நடிகரைக் கூப்பிட்டுவிட, அரங்கம் முழுக்க விசில். மாப்பிள்ளை மைக்கைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பதினோராம் வரிசையில் உட்கார்ந்திருந்த மோட்டார்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

படத்தில் தபால் ஆபீஸ் ஊழியர்கள் கல்லூரி மாணவர்களாக மாறியிருந்தார்கள். இடைவேளையில் அந்த ஏழு பேரில் ஒருவரான போஸ்ட் மாஸ்டர் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டு, "என்னை கிடார் வாசிக்க வச்சுட்டாங்களே சார், நான் விசில் கூட அடிச்சதில்ல" என்று புலம்பினார். ஐம்பத்தொன்பது வயது தபால்தலைக் கவுன்ட்டர் அம்மா, தன் பாத்திரம் மழையில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மோட்டார்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இடைவேளை வரை பம்பு வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு வந்தது. தொப்பை வைத்த ஒருவர், கழுத்தில் துண்டோடு, பம்புக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இனிமே முடியாது சார், தண்ணி இறங்காது" என்றார். கதாநாயகன் அவரை ஒரு பார்வை பார்த்தான். முகமூடியை மாட்டினான். குதித்தான். அவ்வளவுதான். படத்தில் தண்ணீர் கடைசி வரை இறங்கவே இல்லை. ஏழு பேரையும் கதாநாயகனே நீருக்கடியில் இழுத்து வந்தான்.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் தனியாக மறுபடி போனார், பகல் காட்சிக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு விநாடி.

அதற்குப் பிறகு அவருக்கு எதைத் தொட்டாலும் குத்தியது. தங்கை வீட்டு வரவேற்பறையில் படத்தின் பெரிய சுவரொட்டியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அங்கே போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வார். தங்கை, "அவர் இப்படி, அவர் அப்படி" என்று பேசும்போது, இந்தப் பெண்ணுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வீட்டில் ஒருநாள் மனைவி, மருந்து வாங்க வந்த ஒருவர் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசியதைச் சொல்ல ஆரம்பித்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? நம்ம வீட்டுப் பிள்ளையைத்தானே நாலு பேர் நல்லா சொல்றாங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் சொல்லாம இருக்கறதுதான் பயமா இருக்கு."

மாப்பிள்ளை மட்டும் எப்போதும்போல வந்துபோய்க்கொண்டிருந்தார். படத்தில் பம்பை அப்படிக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, இயக்குநரிடமே சொன்னேன், ஒரு கதை ஒரு நாயகனைத்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். மோட்டார்காரர், அதனால் என்ன மாப்ள, சினிமாதானே என்றார். அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் இவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில்தான் ஓர் இணையச் செய்தித் தளத்திலிருந்து நிருபர் ஒருத்தி பம்பு ஹவுஸுக்கு வந்தாள். படத்துக்குப் பின்னால் இருக்கிற நிஜக் கதை வேண்டும் என்றாள். மோட்டார்காரர் உதவி இயக்குநரிடம் சொன்ன எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திரும்பச் சொன்னார். மணல்மூட்டை, மூன்று பம்பு, ஒன்றரை அடி. அவள் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் காற்று என்று அவர் கையை விரித்துக் காட்டியபோது அவள் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ரொம்ப நன்றி சார் என்று பையை எடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. படத்துல காட்டுற மாதிரி அவர் ஒண்ணும் பயப்படாத ஆள் இல்ல" என்றார் மோட்டார்காரர்.

அவள் தலையைத் தூக்கினாள். போன் கவிழ்ந்து மடியில் விழுந்தது.

ஆறு வருடம் காப்பாற்றி வைத்திருந்ததை அவர் அங்கே கொட்டினார். மூன்றாவதாக வெளியே வந்தவர் தபால்தலைக் கவுன்ட்டர் அம்மா. கழுத்துக்குள் வரும்போது அவருடைய முகமூடி நழுவிவிட்டது. தன் கையிலேயே செத்துவிட்டார் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டார். வெளியே கொண்டுவந்து போட்டதும் அந்த அம்மா இருமி மூச்சு விட்டார், ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிய நேரத்தில், மாப்பிள்ளை பம்புகளுக்குப் பின்னால் வந்து, டீசல் பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். உடம்பெல்லாம் உதறியது. நான் உள்ளே போக மாட்டேன் மச்சான், என்னால முடியாதுன்னு சொல்லிடுங்க என்றார். உள்ளே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். இருபது நிமிடம் அப்படியே இருந்தார். பிறகுதான் எழுந்து போனார்.

நிருபர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அவர் பேசி நிறுத்தியபோதெல்லாம், அப்புறம் சார், அப்புறம் என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒருத்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்தச் சுகம் அவரை இழுத்துக்கொண்டு போனது.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தபோது தான் என்ன சொன்னோம் என்பதை. நீங்கள் என்ன சார் ஆறுதல் சொன்னீர்கள் என்று அவளே கேட்டாள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன் என்று முடித்துக்கொண்டார். அவர் சொன்னது இதுதான்: போகாதீங்க மாப்ள. செய்த வரைக்கும் போதும். வீட்டில் தங்கச்சிக்கு ஐந்து மாதம். உள்ளே இருக்கிறவர்களை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் போகாதீர்கள்.

செய்தி மறுநாள் காலை வந்தது. 'குகை நாயகன் அழுதார். உள்ளே போக மறுத்தார்' என்று தலைப்பு. பம்பு ஹவுஸில் ஒருவர் படித்துக் காட்டினார். சொன்னவர் பெயர் இல்லை. 'அருகில் இருந்த ஒருவர்' என்று போட்டிருந்தது. அருகில் இருந்தது ஒரே ஒருவர்தான் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாதா?

அன்று முழுக்க, போன் எப்போது அடிக்கும் என்று மோட்டார்காரர் பயந்தார். பயத்துக்கு அடியில், இப்போது அந்தச் சுவரொட்டியை என்ன செய்வார்கள் பார்க்கலாம் என்று ஒரு குரூரமான ஆவலும் இருந்தது.

நடந்தது நேர்மாறாக. மக்கள் அந்தச் செய்தியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். அழுதுவிட்டும் திரும்பிப் போனார் பாருங்கள், அவர்தான் மனிதர் என்று எழுதினார்கள். பயமே இல்லாத சினிமா நாயகனைவிட இவரைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள். அந்தக் காட்சி நடிக்கக் கிடைக்கவில்லையே என்று நடிகர் ஏக்கமாக ஒரு குறிப்புப் போட்டார். தபால்தலைக் கவுன்ட்டர் அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகவா தம்பி அழுதீங்க என்று கேட்டுவிட்டு அழுதாராம். பயத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று இரண்டு கல்லூரிகளிலிருந்தும் தீயணைப்புப் பயிற்சி மையத்திலிருந்தும் மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது.

மோட்டார்காரர் கவிழ்க்கப் போன வண்டியில் நாலு சக்கரம் கூடுதலாக மாட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவருக்குப் பொறாமை முன்பைவிட இரண்டு மடங்கானது. மோட்டாரில் கம்பியை வைத்துக் கேட்டால் பேரிங் சத்தத்துக்குப் பதில் கைதட்டல்தான் கேட்டது.

தங்கைதான் முதலில் வந்தாள். மாலை நேரம், பம்பு ஹவுஸ் வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை. வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் வண்ணச் சாயம் காயாமல் இருந்தது.

"நீதானே அண்ணா?"

அவர் கையிலிருந்த இரும்புக் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"செய்தியில வந்தா வரட்டும். ஊர் என்ன வேணா சொல்லட்டும். ஆறு வருஷமா அவர் எனக்குச் சொல்லல. உன்கிட்ட அழுதிருக்காரு. அதை நீ எனக்குச் சொல்லல. யாரோ ஒரு பொண்ணுக்குச் சொல்லியிருக்க. நான் போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அண்ணனிடம் கோபித்துக்கொண்டால் தெருமுனையில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை.

பயிற்சி மையத்தில் மாப்பிள்ளை பேசுகிற நாள் வந்தது. மோட்டார்காரர் தலைவலி என்றார். மனைவி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டி, போட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்றாள். பிற்பகல் வெயிலில் தகர ஷெட் மாதிரி ஒரு கூடம். நீல உடையில் இருநூறு பயிற்சியாளர்கள். தங்கை முதல் வரிசையில் இருந்தாள். இவரைப் பார்த்துவிட்டு நேராகத் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு மேடைப் பேச்சு வராது. வலது தோளை இறக்கி நின்றுகொண்டு, சின்னக் குரலில் நடந்ததைச் சொன்னார். கழுத்தைச் சொன்னார், முகமூடி நழுவியதைச் சொன்னார், டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைச் சொன்னார். அடுத்து என்ன வரும் என்று மோட்டார்காரருக்குத் தெரியும். நானாக இருந்தால் சொல்லிவிடுவேன், பதிலுக்குப் பதில் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப என் மச்சான் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு" என்றார் மாப்பிள்ளை. "பம்பு ஓட்டினது அவர்தான். தண்ணி இறங்கிட்டிருக்கு, கொஞ்சம் பொறுத்துப் போங்கன்னாரு. அதனாலதான் நான் போனேன். போய்ப் பார்த்தா ஒரு சாண் காற்று இருந்துச்சு. நாலு பேர் நடந்து வந்தாங்கன்னா அது அவரால. அதோ, அங்கதான் உட்கார்ந்திருக்காரு."

இருநூறு பேரும் திரும்பினார்கள். பிறகு எழுந்து நின்றார்கள். கைதட்டல் தகரக் கூரையில் மோதி இறங்கியது. மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். மனைவியின் கண் கலங்கியிருந்தது. பதினோரு விநாடி இல்லை, ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். ஒரு வருடத்துக்கும் மேலாக எதற்காக அவர் வெந்துகொண்டிருந்தாரோ அது முழுசாக வந்து மடியில் விழுந்தது. அவரால் தலை நிமிர முடியவில்லை. எழுந்து கும்பிடு போடச் சொன்னார்கள். எழுந்தார். போட்டார். உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எதுக்கு மாப்ள பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்?"

"நான் போகாதீங்கன்னுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்."

மாப்பிள்ளை ஹெல்மெட்டின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மூணு பம்பும் ஓடிட்டிருந்துச்சு மச்சான். காதுக்குள்ள தண்ணி வேற. நீங்க வாயசைச்சது தெரிஞ்சுது. எனக்குக் கேட்டது 'போங்க'ன்னுதான்."

அது உண்மையா, தன்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று மோட்டார்காரர் அவர் முகத்தையே தேடினார். மோட்டாராக இருந்தால் கம்பியை வைத்துக் கேட்டிருப்பார். மாப்பிள்ளை பிடி கொடுக்கவில்லை.

"செய்தி கொடுத்தது நான்தான்" என்றார் மோட்டார்காரர்.

"தெரியும்."

"கோபம் இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. உங்க வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடிக்கணும்னு கிளம்பினேன், பாதி வழியில திரும்பிட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "ஆனா அதைச் சொல்லாம வச்சிருந்ததுதான் எனக்கு ரொம்ப பாரமா இருந்துச்சு மச்சான். நீங்க எந்த எண்ணத்துல சொன்னீங்களோ, இறங்கினது என்னவோ என் தலையிலேருந்துதான்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மோட்டார்காரர் அங்கேயே நின்றார். இவ்வளவு செய்த பிறகும், கோபப்படவேண்டிய இடத்தில் அந்த மனிதரால் இப்படிப் பேச முடிகிறதே என்று அதன் மேலேயே அவருக்குப் பொறாமை வந்தது. தன்மேல் தனக்கே வெறுப்பாக இருந்தது.

அடுத்த நாள் நிருபரைப் போனில் பிடித்தார். விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கிறது, என் பெயரைப் போட்டே எழுதுங்கள், நான் அவரைப் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அது பழைய செய்தி ஆகிவிட்டதே சார், இப்போது எடுக்கமாட்டார்கள் என்றாள். அந்தப் பயிற்சி மையத்துப் பேச்சின் வீடியோ நன்றாகப் போகிறது, பார்த்தேன், வாழ்த்துக்கள் என்று சேர்த்துச் சொன்னாள்.

வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். மேலதிகாரி கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். நான் போகச் சொல்லவில்லை சார், போகாதீர்கள் என்றேன் என்று மோட்டார்காரர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தீர்களா, எவ்வளவு அடக்கம் என்றார் அதிகாரி. உண்மையைச் சொல்லச் சொல்ல அவருக்குப் பெயர் கூடிக்கொண்டே போனது. மனைவியிடம் சொன்னார். அவள், இதைத் தங்கச்சியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

சனிக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருந்தார். தங்கை மகன் தரையில் படுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்துவிட்டு, உட்கார் என்றும் சொல்லாமல் துணி மடிக்கப் போனாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அவர் அழுதப்ப, போகாதீங்கன்னு நான்தான் சொன்னேன். உள்ள நாலு பேர் இருந்தாங்க. எனக்கு அவங்க ஞாபகமே வரல. நீ மட்டும்தான் ஞாபகம் வந்த."

தங்கையின் கை ஒரு சின்னச் சட்டையின் மேல் அப்படியே நின்றது.

"அதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"சொல்லல. அவர் அழுததை மட்டும் சொன்னேன்."

"ஏன்?"

மோட்டார்காரர் சுவரைப் பார்த்தார். எதிரே அந்தச் சுவரொட்டி. இந்தத் தடவை அதற்கு முதுகைக் காட்டவில்லை.

"பொறாமைதான், வேற என்ன" என்றார். "எல்லாரும் அவரையே சொல்றாங்களேன்னு. நீயும் அவரையே சொல்றியேன்னு."

அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சட்டையை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"நான் அங்க இருந்திருந்தாலும் போகாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "அதைச் சொன்னதுக்காக உன்மேல எனக்குக் கோபம் வராதுண்ணா. ஆனா அவர் அழுததை வித்துட்டு, நீ சொன்னதை மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டியே, அது எனக்கு ஆற கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றார்.

"உனக்கும் ஆறணும் இல்ல?"

ஆறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், மேற்கொண்டு ஒரு பொய் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். இன்னும் ஆறலம்மா, பாதி இருக்கு என்றார். தங்கை துணிக் குவியலின் ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார்.